முதுகில் தொங்கும் குழாய்

கேள்வி: டிஸ்க் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த அப்பாவின் முதுகிலிருந்து ஒரு டியூப், அதன் நுனியில் ரத்தம் தேங்கிய டப்பா. "கெட்ட ரத்தம் வெளியேறுது" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். இந்த வழக்கம் எப்போது வந்தது?

பதில்: அது கெட்ட ரத்தம் அல்ல, உங்கள் அப்பாவின் நல்ல ரத்தம்தான். கீழ்முதுகில் நரம்புக்கு இடம் விட எலும்பைச் செதுக்குவார்கள். செதுக்கிய எலும்பைத் தையல் போட்டு அடைக்க முடியாது, கசியும். அது உள்ளேயே உறைந்து கட்டிவிட்டால் நரம்பை அழுத்தும்; கால் மரத்துப்போகும், சிறுநீர் அடைபடும். அரிதுதான். ஆனால் வந்தால் உடனே மறுபடி தியேட்டர். அந்தப் பயத்தில்தான் டிரெய்ன் என்ற இந்த வடிகுழாயை வைக்கிறார்கள்.

ஆதியில் இந்தக் குழாய் ரத்தத்துக்காக வரவில்லை, சீழுக்காக வந்தது. நெஞ்சில் கட்டிய சீழைக் குழாய் வைத்து வடிப்பது ஹிப்போகிரட்டீஸ் பெயரிலுள்ள கிரேக்க நூல்களிலேயே இருக்கிறது. 1859-இல் பாரிஸ் மருத்துவர் ஷாசென்யாக் ரப்பர் குழாயைப் பரவலாக்கினார். 1871-இல் நடந்தது இன்னும் சுவையானது. விக்டோரியா ராணியின் அக்குளில் பெரிய சீழ்க்கட்டி. அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கீறிவிட்டு உள்ளே துணி வைத்தார், சீழ் வடியவில்லை. தன் கார்பாலிக் கிருமிநாசினித் தெளிப்பானின் ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டி, இரவு முழுக்கக் கார்பாலிக்கில் ஊறவைத்து, மறுநாள் பொருத்தினார். வடிந்தது. அரண்மனை வைத்தியமும் கையில் கிடைத்த குழாயில்தான் நடந்தது!

தானாக வடியும் அந்தக் குழாய், உறிஞ்சும் குழாயாகப் பரவியது 1950-களில். பிரான்சின் ஆன்ரி ரெடான் அதில் முக்கியமானவர். உங்கள் அப்பாவின் டப்பாவைக் கவனியுங்கள். ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். நர்ஸ் அதை அமுக்கி, காற்றை வெளியேற்றி, மூடியை அடைக்கிறார். அது மெல்ல விரியும்போது ரத்தத்தை இழுக்கிறது. எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்வது, எப்போது எடுக்கலாம் என்று முடிவு செய்யத்தான். வரத்து குறைந்ததும், பெரும்பாலும் ஓரிரு நாளில், உருவிவிடுவார்கள்.

எல்லோருக்கும் இது தேவையா? முதுகெலும்பின் ஒரே ஒரு மட்டத்தில் செய்யும் சிறு ஆபரேஷன்களில், டிரெய்ன் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் கிருமித்தொற்றிலோ ரத்தக்கட்டியிலோ பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் பலர் வைப்பதில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு டியூப் இல்லையென்றால் அது அலட்சியமல்ல. தண்டுவட உறை கிழிந்திருந்தால் உறிஞ்சவே யோசிப்பார்கள். மூளைத்தண்டுவட நீரும் சேர்ந்து வந்துவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். குழாயும் அடைத்துக்கொள்ளும். டப்பா தொங்குகிறதே என்றிராமல், அப்பாவுக்குக் கால் புதிதாக வலுவிழந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ நடுராத்திரியானாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள்.