ராத்திரியில் பூனைக்கு வைத்தியம்

எங்கள் ஆண் பூனை சிறுநீர் போக முடியாமல் முக்குகிறது. இப்படி நள்ளிரவில் நேர்ந்தால் சென்னையில் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?
– வாசகி, பெரம்பூர்

வேப்பேரிக்கு. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் இரவிலும் அவசரப் பிரிவு உண்டு. பெரம்பூரிலிருந்து பக்கம்தான்.

விடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். பொடிக்கற்கள் அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறும். ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. அடிவயிறு கல்லுப்போல் இருந்தால் அமுக்கிப் பார்க்க வேண்டாம், சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

கூடை இல்லையென்றால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியும் பழைய துண்டும் போதும். கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதை டாக்டர் முதலில் கேட்பார். நேரத்தோடு போய்க் குழாய் விட்டு அடைப்பை எடுத்துவிட்டால், பெரும்பாலான பூனைகள் தேறிவிடும்.