தொகைச்சொற்களில் அசைப்பிரிப்பும் இசையும்: விக்கிரமசிங்கபுரம் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

தாமிரபரணிக் கரையில் பாபநாசத்தை அடுத்துள்ள விக்கிரமசிங்கபுரம், நன்னூல் விருத்தியுரையைத் திருத்தியமைத்த சிவஞான முனிவர் பிறந்த ஊர். தொகைச்சொல்லின் ஒலிப்புப் பற்றிய இலக்கணச் சிக்கலொன்றை விளக்க அவ்வூரின் பெயரே சான்றாகிறது.

பொருள் நோக்கில் இப்பெயர் விக்கிரம – சிங்க – புரம் என மூன்றாகப் பிரியும். ஒலிப்பு நோக்கில் விக்-கி-ர-ம-சிங்-க-பு-ரம் என எட்டு ஒலியசைகள் கொள்ளும். யாப்பு நோக்கிலோ விக்/கிர/மசிங்/கபு/ரம் என ஐந்தசையாகும். இவற்றுள் ‘மசிங்’, ‘கபு’ ஆகிய இரு நிரையசைகளும் சொல்லெல்லையைக் கடந்து அமைகின்றன. ஐந்தசைச் சீர் இன்மையால் செய்யுளில் பெயரைப் பகுத்தாக வேண்டும். விக்கிரம / சிங்கபுரம் எனப் பகுப்பின் இரண்டும் கூவிளங்காய்ச் சீர்களாகி, இடையே வெண்சீர் வெண்டளையும் பிறக்கிறது. வகையுளிக்குத் தேவை எழவில்லை. ஆயினும் இரண்டாம் சீருக்குள் ‘கபு’ எல்லை கடந்தே நிற்கிறது.

எல்லை கடத்தல் யாப்பிற்கு மட்டும் உரியதன்று. எழுத்தால் ஒத்துப் பொருளால் வேறுபடும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடும் என்பது தொல்காப்பிய எழுத்ததிகாரக் கருத்து. உரையாசிரியர் காட்டும் ‘செம்பொன்பதின்றொடி’ இதற்குப் புகழ்பெற்ற சான்று. செம்பொன் + பதின்றொடி எனக் கொண்டால் ஒலியசையின் இறுதியே சொல்லின் இறுதி. செம்பு + ஒன்பதின்றொடி எனக் கொண்டால், குற்றியலுகரம் கெட, ‘பொன்’ என்னும் ஒரே ஒலியசைக்குள் பகரமெய் நிலைமொழிக்கும் ஒகரம் வருமொழிக்கும் உரியனவாகின்றன.

டச்சு மொழி இதற்கு மாறானது. ‘க்வார்ட்ஸ்லாகென்’ என்னும் எழுத்துத்தொடர், ‘க்வார்ட் + ஸ்லாகென்’ எனின் கால்திருப்பங்களையும், ‘க்வார்ட்ஸ் + லாகென்’ எனின் குவார்ட்சுக் கல்லின் அடுக்குகளையும் குறிக்கும். இரண்டிலும் முதன்மை அழுத்தம் முதற்சொல்லின்மீதே விழும். அழுத்தம் பொருளைப் பிரித்துக் காட்டவில்லை. சகரம் எவ்வசையைச் சேர்கிறது என்பதே காட்டுகிறது. வருமொழி உயிரில் தொடங்கினும் நிலைமொழியின் ஈற்றுமெய் அதனோடு ஏறுவதில்லை என்பது அம்மொழியின் பொதுப்போக்கு. ‘கெர்க்’ (தேவாலயம்), ‘அவ்ல்’ (ஆந்தை) என்பன சேர்ந்த கூகைப்பெயரில் ககரம் முன்னசையிலேயே நின்றுவிடும். உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் தமிழில் அத்தகைய காவல் இல்லை.

ஆகவே தொல்காப்பியர் கூறும் இசையை ‘அழுத்தம்’ என்று மட்டும் பெயர்ப்பது பொருந்தாது. தமிழில் அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. எல்லையைக் காட்டக் கூடுவது நிறுத்தமும் தொனியுமே. நன்னூலார் எழுத்தொலிப்பிற்குக் கூறிய எடுத்தல், படுத்தல், நலிதல் என்பனவற்றை இதனோடு கலத்தலும் ஆகாது.

வழக்குச் சான்றும் ஒன்றுண்டு. அவ்வட்டாரத்தார் ஊரை ‘வி.கே.புரம்’ என்பர். சொற்களின் முதலெழுத்துகளை எடுத்திருப்பின் ‘வி.எஸ்.புரம்’ என்றே குறுகியிருக்கும். ‘சிங்க’ முற்றிலும் மறைய, ‘விக்கி’ என்னும் முதலிரண்டு ஒலியசைகளின் தொடக்கமே ‘வி.கே.’ ஆகியிருக்கிறது எனலாம். ‘புரம்’ மட்டும் குறையாமல் நிற்கிறது.