பிரிக் லேன்: ஒரு தெருவின் கணக்கு

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் பிரிக் லேன் என்றொரு தெரு உண்டு. அங்கே 59-ஆம் எண் கட்டிடத்தின் சுவரில் ஒரு சூரிய கடிகாரமும் 1743 என்ற ஆண்டும் காணப்படும். அதைக் கட்டியவர்கள் ஹியூகனாட் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டு மக்கள். பலர் பட்டு நெசவாளர். 1685-இல் அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்தவன் பதினான்காம் லூயி, நம் திருச்சபையைச் சேர்ந்த மன்னன். இதைப் படித்தபோது எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. அதே கட்டிடம் 1819-இல் மெதடிஸ்டு ஆலயமாயிற்று. 1898-இல் யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று. 1976 முதல் வங்காளதேச மக்களின் பள்ளிவாசலாக விளங்குகிறது.

இவ்வாறு வந்தவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். நெசவு, தையல் என்று கைத்தொழிலால் பிழைத்தனர். வசதி வந்ததும் பலர் வேறிடம் சென்றனர். இப்போது நடப்பதோ வேறு. வங்கிகள் நிறைந்த 'சிட்டி' அருகிலேயே இருப்பதால் செல்வர்கள் இங்கே குடியேறுகின்றனர். அந்நாளைய நெசவாளர் வீடுகள் கோடிக்கணக்கில் விலை போகின்றன. இத்தெரு அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தின் மக்கள்தொகை 2011 முதல் 2021 வரை 22 விழுக்காடு பெருகியது. இங்கிலாந்திலேயே இதுதான் மிக அதிகம்.

வருமானம் உயர்ந்தது என்கிறார்களே, யாருக்கு? கணக்குப் பாடத்தைத் துணைக்கு அழைத்தோம். பத்துக் குடும்பங்கள் தலா 100 ரூபாய் ஈட்டுவதாகக் கொள்வோம். நான்கு குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறி, தலா 1000 ரூபாய் ஈட்டும் நான்கு குடும்பங்கள் வந்தால், சராசரி 460 ஆகிவிடும். எஞ்சிய ஆறு குடும்பங்களின் கையிலோ அதே 100 தான். இடைநிலை அளவும் 100-ஐயே காட்டும். வாடகை மட்டும் அவர்களுக்கும் சேர்த்தே ஏறியிருக்கும்.