மிதிவண்டியில் கண்ட நம் தீவு

வகுப்பறைச் சுவரில் தொங்கும் சிங்கப்பூர் வரைபடத்தைச் சற்று நோக்குங்கள். சுட்டுவிரலை அதன் நடுப்பகுதியில் வைத்தால் அஃது ஏறத்தாழ நம் தோ பாயோவின் மேல் நிற்கும். தென்கிழக்கே சென்றால் கடற்கரை. வடக்கே சென்றால் மேடும் பள்ளமுமான காட்டோரச் சாலை. இவ்விரு திசைகளிலும் பேருந்திலும் ரயிலிலும் நாம் பலமுறை சென்றிருப்போம். எனினும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ரயில் நமக்கு உணர்த்துவதில்லை. மிதிவண்டி உணர்த்தும். குறிப்பாக முழங்காலுக்கு நன்றாகவே உணர்த்தும்.

ஆண்டிறுதி விடுமுறையில் ஆசிரியர்கள் நால்வர் தோ பாயோவிலிருந்து சாங்கி வரை மிதிவண்டியில் சென்று வந்தோம். அப்பயணத்தில் கண்டவற்றையும் கற்றவற்றையும் இங்கு உங்களுக்குச் சொல்கிறோம்.

லோரோங் 6இல் 1979ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட டிராகன் விளையாட்டுத்திடலை நீங்கள் அறிவீர்கள். காலை ஏழு மணிக்கு அதனருகே கூடினோம். டயரில் காற்று, பிரேக், மணி, விளக்கு, தலைக்கவசம், குடிநீர் எல்லாவற்றையும் சரிபார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. எங்கள் கவனம் ஒன்றுதான் சரியாக இல்லை. புறப்பட்டுப் பத்து நிமிடங்கூட ஆகவில்லை. நடைபாதையில் எங்களுள் ஒருவர் மணி அடிக்காமலே ஒரு மூதாட்டியைக் கடந்தார். அவர் திடுக்கிட்டு ஒதுங்கியதில் கையிலிருந்த சந்தைப் பை நழுவி விழுந்தது. அதில் முட்டைகள் இருந்தன. அம்மூதாட்டிக்கு அடியேதும் படவில்லை. நால்வரும் இறங்கி மன்னிப்புக் கேட்டோம். வேறு முட்டைகளும் வாங்கிக் கொடுத்தோம். அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ நடுங்கும் கையைப் பிடித்தபடி, "முட்டை போகட்டும், நான் விழுந்திருந்தால்?" என்று மலாய் மொழியில் கேட்டார். எங்களிடம் அதற்கு விடை இல்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் நடைபாதையில் செல்லும் மிதிவண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர் வரை செல்லலாம். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். கண் ஆபத்தைக் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே வண்டி 7 மீட்டர் ஓடிவிடும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலோ அது 3 மீட்டருக்கும் குறைவு. மூதாட்டிக்கும் எங்களுக்கும் இடையே அன்று ஒரு மீட்டர்கூட இல்லை. அதன்பின் நடைபாதை வரும்போதெல்லாம் இறங்கி வண்டியைத் தள்ளிச் சென்றோம்.

காலாங் ஆற்றங்கரையை அடைந்ததும் பயணம் எளிதாயிற்று. சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு இதுவே. நீளம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, பீஷான் வழியாக ஓடி, நம் நகரின் கிழக்கே வளைந்து, காலாங் வடிநிலத்தை அடைகிறது. பீஷான் பூங்காவில் முன்பு சிமெண்டுக் கால்வாயாக இருந்த பகுதி 2012ஆம் ஆண்டில் புல்லும் கல்லும் நிறைந்த இயற்கை ஆறாக மாற்றப்பட்டது. 2008ஆம் ஆண்டில் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுவதும் நின்றது. நாம் குழாயில் குடிக்கும் நீரில் இவ்வாற்று நீருக்கும் ஒரு பங்கு உண்டு. தோ பாயோ என்னும் பெயரே நீரோடு தொடர்புடையதுதான். ஹொக்கியன் மொழியில் 'தோ' என்பது பெரிய என்றும், மலாய் மொழியில் 'பாயா' என்பது சதுப்பு நிலம் என்றும் பொருள்படும். 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்கே அடுக்குமாடி வீடுகளைக் கட்டத் தொடங்கியது.

ஆற்றங்கரையை விட்டுக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவை அடைந்தோம். இப்பூங்கா ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுடையது. ஒருபுறம் மரநிழல், மறுபுறம் கடல், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள். பாதையோ மேசைபோல் சமதளம். இவ்வளவு சமமான நிலம் எங்கிருந்து வந்தது? 1966ஆம் ஆண்டில் தொடங்கிய கடல்தூர்க்கும் பணியில் பிடோக் வட்டாரக் குன்றுகள் வெட்டப்பட்டன. அந்த மண் நீண்ட ஓடுபட்டைகளின் வழியே கடலோரத்திற்குக் கொண்டுவரப்பட்டுக் கடலில் கொட்டப்பட்டது. ஆகவே இப்பாதையில் நாம் மிதிக்கும்போது, ஒருகாலத்தில் குன்றாக நின்ற மண்ணின் மேல்தான் மிதிக்கிறோம். மேடு ஏறும் துன்பத்தை நம் முன்னோர் வெட்டிச் சமன்செய்துவிட்டார்கள் என்று எங்களுள் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

ஆனால் மேடு இல்லாத இடத்தில் காற்று இருந்தது! வடக்கிலிருந்து வரும் காற்றை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் தமிழில் வழங்குவர். டிசம்பர் மாதத்தில் நம் தீவில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. சாங்கியோ கிழக்கு மூலையில் உள்ளது. எனவே வாடையும் கொண்டலும் கலந்து எங்கள் முகத்தில் அறைந்தன. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது அறிவியல். ஆகையால் ஒருவர் முன்னே சென்று காற்றைக் கிழிக்க, மற்றவர் அவர் பின்னே வரிசையாகச் சென்றோம். முன்னவர் களைத்ததும் பின்னே வந்துவிடுவார். அடுத்தவர் முன்னே போவார். பந்தயக்காரர்கள் கையாளும் முறை இது. மிக நெருங்கிச் செல்வது பழகியவர்களுக்கே உரியது. நீங்கள் இதை முயல வேண்டா.

சாங்கியை நெருங்கும்போது ஒரு வண்டியின் பின் டயர் பஞ்சராயிற்று. பாதையோரம் அமர்ந்து டியூப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். டியூப்பைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "தம்பி, இந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் ஜொகூர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் போவார்கள், நான் வாளி தூக்குவேன்" என்றார். பிறகு எங்களைக் காட்டிலும் விரைவாக ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டும் போட்டுக் கொடுத்தார்.

அவர் சொன்னதன் பின்னணியை நீங்கள் அறிய வேண்டும். பழைய மிதிவண்டிகளில் காற்றடைத்த டயர் இல்லை. கல் பாவிய சாலையில் எலும்பெல்லாம் குலுங்கும். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவர் தம் சிறு மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் செய்தார். 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதே 1888ஆம் ஆண்டில்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பை ஏற்றார். பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த 22 ரப்பர்க் கன்றுகள் 1877ஆம் ஆண்டிலேயே லண்டனிலிருந்து இங்கு வந்திருந்தன. மரம் சாகாமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை ஓயாது வற்புறுத்தினார். அவரைப் பைத்தியக்காரர் என்று சிலர் ஏளனம் செய்தனர். டயரின் தேவை பெருகியதும் மலாயா எங்கும் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரமாய் மக்கள் கப்பலேறினர். நம்மில் பலர் இன்று இத்தீவில் வாழ்வதற்கும் சிறுவன் ஒருவனின் முச்சக்கர வண்டிக்கும் தொடர்பு உண்டு என்பது வியப்பன்றோ!

சாங்கிக் கடற்கரையில் உணவருந்தித் திரும்பினோம். போனதும் வந்ததுமாக அறுபது கிலோமீட்டருக்கும் மேல். வரும்போது காற்று முதுகைத் தள்ளிற்று.

மேடு பள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டுமல்லவா? அடுத்த வாரம் இருவர் மட்டும் வடக்கே பழைய அப்பர் தாம்சன் சாலைக்குச் சென்றோம். காட்டை ஊடுருவிச் செல்லும் வளைந்த சாலை அது. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ மோட்டார்ப் பந்தயம் நடந்த தடத்தின் ஒரு பகுதி. பந்தய வண்டிகள் உறுமிய இடத்தில் இப்பொழுது குரங்குகள் அமர்ந்து நம் பையை உற்றுப் பார்க்கின்றன.

ஏற்றத்தில் பற்சக்கரத்தின் அருமை விளங்கிற்று. மிதிகட்டையோடு இணைந்த முன் சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் 12 பற்கள் என்று கொள்வோம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் நான்கு சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் எனில் வண்டி 8 மீட்டர் நகரும். சங்கிலியைப் பின்னால் 24 பற்கள் உள்ள சக்கரத்திற்கு மாற்றினால் ஒரு சுற்றுக்கு 4 மீட்டரே நகரும். ஆனால் பாதி வலிமையில் மிதிக்கலாம். தூரத்தை விட்டுக்கொடுத்து வலிமையைப் பெறுகிறோம். மேட்டின் பாதியில் மாற்ற முயன்றால் சங்கிலி சிக்கும். மேடு தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். எங்களுள் ஒருவர் இதைப் பிந்தி உணர்ந்து, மீதி மேட்டை நடந்தே ஏறினார்.

உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பிரேக் பிடிக்கச் சற்று நேரமாகும். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் வண்டி நம்மைத் தலைகுப்புறத் தள்ளிவிடும். ஆதலால் இரண்டு பிரேக்குகளையும் மெல்ல மெல்ல அழுத்தியவாறே இறங்கினோம். முன்னே குடை பிடித்து ஒரு தம்பதியர் நடந்துகொண்டிருந்தனர். இருபது மீட்டருக்கு முன்பே மணி அடித்தோம். அவர்கள் திரும்பிப் பார்த்து வழிவிட்டனர். அவர்களைக் கடந்து செல்லும்வரை எங்கள் விரல்கள் பிரேக்கைவிட்டு அகலவில்லை.