தங்கை மகளைத் தத்தெடுத்து அமெரிக்கா அழைத்துச்செல்லப் பத்திரம் போதுமா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, பிள்ளை இல்லாத தம்பதி, சிதம்பரத்தில் வசிக்கும், கணவரின் தங்கையின் ஆறு வயது மகளைத் தத்தெடுக்க விரும்புகிறார்கள். குழந்தையின் தகப்பனார் காலமாகிவிட்டார். சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்தால் போதுமா? – வாசகர், கடலூர்

பதில்: போதாது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, பெற்றவர் கொடுக்க, தத்தெடுப்பவர் வாங்கிக்கொள்வதே தத்து. பதிந்த பத்திரம் அதற்குச் சான்று. வெளிநாட்டுக்கு அழைத்துச்செல்ல அதற்கு மேல் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான 'காரா'வின் தடையின்மைச் சான்று வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று, 1984இல் நெறிமுறைகளை வகுத்தது. நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. அமெரிக்காவில் அது 2008 முதல் நடப்பில் இருக்கிறது.

குடியுரிமை மாறியவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 60ஆம் பிரிவே உறுதியான வழி. வெளிநாட்டில் இருப்பவர் உறவினர் குழந்தையைத் தத்தெடுப்பதற்கென்றே அமைந்த பிரிவு அது. தாய்மாமன் இச்சட்டத்தின் 'உறவினர்' பட்டியலில் வருகிறார். எந்த மதத்தவருக்கும் இவ்வழி பொருந்தும்.

முதல் வேலை அமெரிக்காவில்தான். அங்கீகாரம் பெற்ற முகமை குடும்ப ஆய்வறிக்கை தயாரிக்க, தம்பதி அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஐ-800ஏ படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அறிக்கை காராவுக்கு வந்ததும், கடலூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு சிதம்பரம் வீட்டுக்கு வந்து குழந்தையின் குடும்பப் பின்னணியை விசாரிக்கும். ஐந்து வயது நிரம்பிய குழந்தையின் சம்மதமும் கேட்கப்படும். இதைச் சடங்குக்காக நடத்தக் கூடாது. ஊரையும் அம்மாவையும் விட்டுப் போகப்போவது அந்தப் பெண்தான். அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது. பெற்ற தாய், தந்தை இருவரும் உயிரோடு இருந்தால், குழந்தையைச் சரிவரப் பராமரிக்க இயலாதவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். பல உறவுமுறைத் தத்துகள் இங்கேதான் தடுக்கி நிற்கும். இங்கே தகப்பனார் இல்லாததால் தாயின் நிபந்தனையற்ற, திரும்பப் பெற முடியாத எழுத்துபூர்வச் சம்மதம் போதும். தகப்பனாரின் இறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறிவிட்டது. ஆகவே மனு கடலூர் ஆட்சியரிடம் போகும். சிதம்பரம் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆணைக்குப் பின் தடையின்மைச் சான்று, புதுப் பெற்றோர் பெயரில் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஐஎச்-3 விசா என்று தொடரும். அந்த விசாவில் அமெரிக்காவுக்குள் நுழைந்து பெற்றோருடன் வசிக்கும் குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை தானாகவே வந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்குக் கண்காணிப்பு அறிக்கைகள் அனுப்பப்படும்.

சொத்து விஷயத்தில் அநேகர் குழம்புகிறார்கள். தத்து ஆணையோடு பெற்ற குடும்பத்துடனான சட்ட உறவு முடிகிறது. ஆனால் ஆணைக்கு முன்பே குழந்தைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து அவளுடையதே. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் வீட்டில் மகளுக்கு உரிய பங்கு அன்றே அவளுக்கு வந்துவிட்டது. தத்தைக் காரணம் காட்டி அதை யாரும் பறிக்க முடியாது. வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கணவனை இழந்த தங்கைக்கு அண்ணன் உதவுவது இயல்புதான். ஆனால் தத்துக்குக் கைமாறாகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். குழந்தையை விலைக்கு வாங்கியதாகக் கருதப்பட்டால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

பத்திரத்தை முதலில் பதிந்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்; அமெரிக்கத் தரப்பின் முன்-ஒப்புதலுக்கு முன்பே தத்து முடிந்துபோனால் விசாவில் சிக்கல் வரும். சுற்றுலா விசாவில் குழந்தையை அழைத்துப்போய் அங்கேயே வைத்துக்கொள்ளும் எண்ணமும் கூடாது. முறையான ஆணையின்றித் தத்துக்காகக் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.