காண்டலும் நோக்கலும்

காண்டல் கண்ணின் தொழில். காரணம் வினாவிக் கருத்தொடு காண்டலே நோக்கல்.

2004 டிசெம்பர் 26 காலையிற் சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. ஏறக்குறைய 2 மணிநேரத்துள் ஆழிப்பேரலை, கல்முனை உள்ளிட்ட அம்பாறைக் கரையில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது.

அந்நாளில் தாய்லாந்தின் மாய்க்காவோ கடற்கரையில் நின்ற டில்லி சிமித் என்னும் 10 வயது ஆங்கிலச் சிறுமி, நீர் நுரைத்து, மீளாது ஏறிக்கொண்டேயிருத்தலை நோக்கினள். இரு கிழமைக்கு முன் புவியியல் வகுப்பிற் கேட்ட பாடம் நினைவில் எழப் பெற்றோரை எச்சரித்தனள். ஏறக்குறைய 100 பேர் பிழைத்தனர். அருகிருந்தோரும் அக்கடலையே கண்டனர். அதன் பொருளை உணர்ந்தவள் அவளே.

ஆசிரியர்காள்! மாணாக்கரைக் கரைக்கு அழைத்துச்சென்று, நீரின் ஏற்றமும் வற்றமும், அலையின் இடைப்பொழுதும், காற்றின் திசையும் கிழமைதோறும் குறிக்கச் செய்ம்மின். இயல்பை அறிந்தவனே அது திரிந்தவழி அறிவான்.