ஸ்விட்ச் 2 வாங்கும் முன்

பிள்ளைக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டீர்களா? 2025 ஜூன் 5-ல் வெளிவந்த இந்தக் கருவியின் அமெரிக்க அறிமுக விலை 449.99 டாலர். விளையாட்டுகளுக்குத் தனிச் செலவு.

ஜப்பானில் இருக்கும் உறவினர் மலிவாக வாங்கிவருவதாகச் சொன்னால் கவனம் தேவை. அங்கே 49,980 யென்னுக்கு அறிமுகமான மாடலில் ஜப்பானிய மொழி மட்டும்தான். ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். விலை கூடுதலானாலும் பலமொழி மாடலே நமக்கு ஏற்றது.

பழைய மெமரி கார்டில் விளையாட்டுகளைச் சேமிக்க முடியாது. மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். ஆனால் கருவிக்குள்ளேயே 256 ஜிபி இருக்கிறது. முதல் நாளே கார்டு வாங்க அவசரமில்லை. பழைய ஸ்விட்ச் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இதிலும் ஓடும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிதாக வாங்கும் விளையாட்டின் உறையில் 'கேம்-கீ கார்டு' என்றிருந்தால் அதை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். வீட்டில் நெட் சுமார் என்றால் அதைத் தவிருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது: கருவியைப் பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன்பே நிண்டெண்டோவின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியை உங்கள் போனில் ஏற்றி, தினசரி நேரத்தைக் குறித்துவிடுங்கள். கேம்சாட் அரட்டையில் சேர 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் அனுமதி கட்டாயம். எதிர்முனையில் இருப்பவர் யாரென்று நேரில் தெரியாதவரை அந்த அனுமதியைத் தராதீர்கள்.